மனம்விட்டுப் பேசலாம் வாங்க!

உங்கள் ஆபீஸில் இன்னும் அந்த மெயில் வரவில்லையா? கவலைப்படாதீர்கள், சீக்கிரமே வந்துவிடும்.

'அன்புள்ள சக ஊழியரே! உங்கள் மனநலம் எங்களுக்கு முக்கியம். வேலையில் ஏற்படும் மன அழுத்தம் பற்றி மனம்விட்டுப் பேச, வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்கு ஃபோக்கஸ் குரூப் ஒன்றுக்கு ஏற்பாடு செய்திருக்கிறோம். டீ, சமோசா உண்டு. இதனால் தடைபடும் வேலையை அன்றிரவே முடித்துக் கொடுத்துவிடவும்.'

கடைசி வரியைப் படித்துவிட்டுச் சிரிக்காதீர்கள். அந்த வரிக்குத்தான் ஸ்ட்ரெஸ் என்று பெயர்.

போவீர்கள். நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருப்பார்கள். வட்டம் என்றால் எல்லோரும் சமம் என்று அர்த்தமாம். வலது பக்கம் உங்கள் டீம் லீடர். எதிரே அவருக்கும் மேலே இருக்கிற மேனேஜர். இடது பக்கம், சேர்ந்து மூன்று மாதம்கூட முடியாத, வேலை இன்னும் நிரந்தரமாகாத ஒரு பையன். நடுநாயகமாக, சிரித்த முகத்தோடு ஹெச்.ஆர். அம்மணி. கையில் நோட்டு. மேஜை மேல் செல்போன், பேச்சைப் பதிவு செய்துகொண்டு.

"ஃப்ரீயா பேசுங்க. இங்க சொல்றது எதுவும் வெளியில போகாது."

ஒரு நிமிடம் ஏ.ஸி. சத்தம் மட்டும் கேட்கும். அப்புறம் யாரோ ஒரு புண்ணியவான் ஆரம்பித்து வைப்பார். "டிராஃபிக்தாங்க பெரிய ஸ்ட்ரெஸ். வேளச்சேரியிலேர்ந்து சோழிங்கநல்லூர் வர்றதுக்குள்ள பாதி உயிர் போயிடுது." எல்லோரும் வேகமாகத் தலையாட்டுவார்கள். பின்னே, டிராஃபிக் யாருக்கும் அப்ரைசல் எழுதாதே! அடுத்தவர், ஏ.ஸி. ரொம்பக் குளிர்கிறது என்பார். மூன்றாமவர், "நாமதான் டைம் மேனேஜ்மென்ட் கத்துக்கணும்" என்பார். மேனேஜர் முகத்தில் புன்னகை மலரும். நிரந்தரமாகாத பையன், "எனக்கு ஸ்ட்ரெஸ்ஸே இல்ல மேடம், என்ஜாய் பண்ணித்தான் வேலை பாக்கறேன்" என்பான். ஐந்து மணிக்கு சமோசா காலி.

இரண்டே வாரத்தில் பவர்பாயின்ட்டில் ரிப்போர்ட் வரும். ஊழியர்களின் மன அழுத்தத்துக்குக் காரணங்கள்: ஒன்று, போக்குவரத்து நெரிசல். இரண்டு, நேரத்தைத் திட்டமிடத் தெரியாமை. தீர்வு: புதன்கிழமைதோறும் அரை மணி நேரம் யோகா. சுபம்.

கேட்கிறேன், இதற்குப் பெயர் ஆராய்ச்சியா? தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்வது ஆராய்ச்சி. இங்கே நடப்பது, எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை யாரும் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்வது.

ஃபோக்கஸ் குரூப் என்ற முறையை நான் குறை சொல்லவில்லை. எட்டுப் பத்துப் பேரை உட்காரவைத்து, ஒரே ஒரு விஷயத்தைப் பற்றிப் பேசவிட்டு, பக்குவமாகக் கிளறி, உள்ளே இருப்பதை வெளியே கொண்டுவருவது நல்ல கலைதான். அது பிறந்த கதையே சுவாரஸ்யமானது.

1941, நவம்பர் மாதம். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்த சமூகவியல் பேராசிரியர் ராபர்ட் மெர்ட்டனை, சக பேராசிரியர் பால் லாசர்ஸ்ஃபெல்ட் ஒருநாள் ராத்திரி சாப்பாட்டுக்குக் குடும்பத்தோடு வரச் சொன்னார். சாப்பிட வந்த மனிதரை வாசலிலேயே மடக்கி, அவசர வேலை வந்துவிட்டது என்று சொல்லி ஒரு ரேடியோ ஸ்டூடியோவுக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கே சின்னதாக ஒரு கூட்டம், ரேடியோ நிகழ்ச்சி கேட்டுக்கொண்டிருந்தது. பிடித்திருந்தால் பச்சைப் பட்டனை அழுத்த வேண்டும், பிடிக்காவிட்டால் சிவப்பு. நிகழ்ச்சி முடிந்ததும், எந்த இடத்தில் ஏன் சிவப்பை அழுத்தினீர்கள் என்று ஒருவர் விசாரித்தார். பார்த்துக்கொண்டிருந்த மெர்ட்டனுக்குப் பொறுக்கவில்லை. கேள்வி கேட்பவர் தன்னையறியாமல் பதிலையும் எடுத்துக்கொடுக்கிறாரே என்று சீட்டு எழுதி நீட்டினார். அப்படியானால் அடுத்த குழுவை நீங்களே கேளுங்கள் என்றார் லாசர்ஸ்ஃபெல்ட். ஃபோக்கஸ் குரூப்புக்குப் பிள்ளையார் சுழி போடப்பட்டது அங்கேதான்.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். கேட்கிறவர் பதிலைக் கோணலாக்கிவிடுவார் என்ற புகாரோடுதான் இந்த முறையே பிறந்திருக்கிறது. அதைவிட முக்கியம், சிவப்புப் பட்டனை அழுத்தியவர்களை அந்த ரேடியோ நிலையத்தால் ஒன்றும் செய்ய முடியாது. சம்பளத்தைக் குறைக்க முடியாது, பிரமோஷனை நிறுத்த முடியாது, வேறு ஊருக்குத் தூக்கியடிக்க முடியாது. அதனால் தைரியமாக அழுத்தினார்கள். சோப்பு, ஷாம்பு, டி.வி. சீரியல் பற்றிக் கேட்கும்போது இந்த முறை ஜோராக வேலை செய்வதற்கும் அதுதான் காரணம். ஷாம்புவைத் திட்டினால் ஷாம்பு திருப்பித் திட்டாது.

மேனேஜர் ஷாம்பு இல்லை.

அதே மெர்ட்டன் 1987-ல் திரும்பிப் பார்த்து ஒரு கட்டுரை எழுதினார். குழுவில் கிடைப்பது புதிய யோசனைகள், யூகங்கள். அவற்றை வேறு வழிகளில் சோதித்துப் பார்த்த பிறகே முடிவுக்கு வர வேண்டும் என்பது அவர் நிலை. நம் ஊரில் சமோசா ஆறுவதற்குள் முடிவே எடுத்துவிடுகிறார்கள்.

பத்துப் பேர் முன்னால் மனிதன் எப்படிப் பேசுவான் என்பதற்குப் பழைய சோதனை ஒன்று இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் சாலமன் ஆஷ் 1951-ல் வெளியிட்டது. ஒரு கோட்டைக் காட்டி, அதே நீளமுள்ள கோடு மூன்றில் எது என்று குழுவில் ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னார். குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் குழுவில் ஒரே ஒருவரைத் தவிர மற்றவர்கள் எல்லாம் ஆஷின் ஆட்கள். வேண்டுமென்றே ஒரே தப்பான பதிலைச் சொன்னார்கள். அந்த அப்பாவி என்ன செய்தார்? நான்கில் மூன்று பேர் ஒரு தடவையாவது கண்ணுக்கு எதிரே தெரிந்ததை விட்டுவிட்டுக் கூட்டத்தோடு கோவிந்தா போட்டார்கள். அதே பதிலை வாயால் சொல்லாமல் தனியாகக் காகிதத்தில் எழுதலாம் என்றபோது, இந்த ஜால்ரா வெகுவாகக் குறைந்துபோனது.

வெறும் கோட்டுக்கே இந்தக் கதி! அந்த அறையில் மேனேஜரும் கிடையாது, அப்ரைசலும் கிடையாது.

தொழிற்சாலைக்குள் நடந்த ஆராய்ச்சியும் இதையேதான் சொல்கிறது. சிகாகோ பக்கத்தில் ஹாதார்ன் என்ற இடத்தில், டெலிபோன் கருவிகள் செய்த வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் தொழிற்சாலை. 1928-லிருந்து 1930 வரை அங்கே சுமார் 21,000 தொழிலாளர்களைப் பேட்டி கண்டார்கள். வட்டமாக உட்காரவைத்து அல்ல, ஒவ்வொருவராக. முதலில் தயாராக வைத்திருந்த கேள்விகளைக் கேட்டார்கள். பதில் சரியாக வரவில்லை. அப்புறம் கேள்வித்தாளை ஓரமாக வைத்துவிட்டு, அவர்கள் போக்கிலேயே பேசவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார்கள். அரை மணி நேரப் பேட்டி ஒன்றரை மணி நேரம்வரை நீண்டது!

அதே தொழிற்சாலையில் 1931-32ல், 14 பேர் கொண்ட ஒரு குழு வேலை செய்வதைக் கூடவே உட்கார்ந்து கவனித்தார்கள். அந்தக் குழுவுக்குள் எழுதாத சட்டங்கள் இருந்தன. ரொம்ப வேலை செய்யாதே. ரொம்பக் குறைவாகவும் செய்யாதே. எல்லாவற்றையும்விட முக்கியமாக, கூட இருப்பவனை மேலதிகாரியிடம் போட்டுக்கொடுக்காதே! சேர்ந்து வேலை செய்கிற எந்தக் கூட்டத்துக்கும் இந்தச் சட்டம் உண்டு, உங்கள் டீமுக்கும் உண்டு. அந்தச் சட்டத்தோடுதான் நீங்கள் வட்டத்துக்குள் போய் உட்காருகிறீர்கள். மனம் எப்படி விடும்?

விட்டவர்கள் கதையையும் கேளுங்கள். பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை பார்க்கும், எனக்குத் தெரிந்த ஒரு பெண். வெளிநாட்டு கிளையன்ட்டோடு தினமும் ராத்திரி பதினொன்றரை மணிக்கு போன் பேச வேண்டிய வேலை. காலையில் ஒன்பதரைக்கு மறுபடி ஆபீஸ். இப்படி ஒரு வட்டத்தில், "பேர் வராது" என்ற வாக்குறுதியை நம்பிச் சொன்னாள்: "ராத்திரி கால் முடிஞ்சா மறுநாள் லேட்டா வர்றதுக்கு அனுமதி வேணும். ஆறு மாசமா சரியாத் தூங்கல." அவ்வளவுதான் சொன்னாள். யாரையும் திட்டவில்லை. நான்கு மாதம் கழித்து அப்ரைசலில் மேனேஜர் கேட்டாராம், "உனக்குத்தான் தூக்கம் முக்கியமாச்சே, பெரிய பொறுப்பெல்லாம் எப்படிக் கொடுக்கிறது?"

பெயர் வரவில்லை. வாக்குறுதியைக் காப்பாற்றிவிட்டார்கள். வாக்கியம் மட்டும் வந்துவிட்டது.

நான் படித்தது பி.காம். எங்கள் பாடத்தில் அரிச்சுவடி ஒன்று உண்டு: கணக்கு எழுதுகிறவன் கணக்கைத் தணிக்கை செய்யக் கூடாது. 2013-ம் ஆண்டு கம்பெனிச் சட்டமும் அதையேதான் சொல்கிறது. கம்பெனியின் அதிகாரியோ ஊழியரோ அந்தக் கம்பெனிக்கு ஆடிட்டராக முடியாது. அவர் எவ்வளவு யோக்கியராக இருந்தாலும் சரி, முடியாது. ஏனென்றால் பிரச்னை யோக்கியதை பற்றியதில்லை. யாரிடம் சம்பளம் வாங்குகிறார் என்பது பற்றியது. ரூபாய் கணக்குக்கு இவ்வளவு கறார். மனுஷன் மனசுக் கணக்கு என்றால் மட்டும் கம்பெனியின் ஹெச்.ஆர். இலாகாவே கேள்வி கேட்டு, பதில் எழுதி, சரிபார்த்து, மேலிடத்துக்கும் அனுப்பிவிடலாமா?

ஜப்பானில் அப்படி விடவில்லை. வேலை செய்தே மனிதர்கள் செத்துப்போவதற்கென்று தனியாக ஒரு வார்த்தை வைத்திருக்கும் தேசம் அது. 'கரோஷி' என்பார்கள். பட்டுத் தெரிந்துகொண்டு, 2015 டிசம்பரிலிருந்து, 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில் வருடத்துக்கு ஒரு முறை மன அழுத்தச் சோதனை நடத்த வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். ஊழியர் படிவத்தை நிரப்புவார். முடிவு நேரே அவர் கைக்கே போகும். அவர் சம்மதிக்காமல் முதலாளி அதைப் பார்க்க முடியாது. வேலைக்கு எடுக்கவும் நீக்கவும் அதிகாரம் உள்ளவர் அந்தச் சோதனையை நடத்தவே கூடாது. ஆடிட்டர் விதியேதான், இல்லையா?

நம் நாட்டில் என்ன நடந்தது? 2024 டிசம்பரில், வீட்டுக்கே வந்து அழகுக்கலை சேவை தரும் 'யெஸ் மேடம்' என்ற நொய்டா நிறுவனத்தின் மெயில் ஒன்று இணையத்தில் பரவியது. மன அழுத்தம் பற்றி சர்வே எடுத்தோம், அதிக அழுத்தம் இருப்பதாகச் சொன்னவர்களை வேலையிலிருந்து அனுப்பப்போகிறோம் என்பது அதன் சாரம். ஊரே கொந்தளித்தது. யாரையும் நீக்கவில்லை, மன அழுத்தத்தின் மீது கவனத்தைத் திருப்பத் திட்டமிட்டுச் செய்ததுதான் அது என்று பிறகு விளக்கம் தந்தது நிறுவனம். விளக்கம் இருக்கட்டும். அந்த மெயிலைப் பார்த்தவர்கள், 'இப்படிக்கூடவா நடக்கும்?' என்று சந்தேகப்படாமல், 'செய்யக்கூடியவங்கதான்' என்று உடனே நம்பினார்களே, அதைக் கவனித்தீர்களா? எந்த சர்வேயும் சொல்லாததை அந்த நம்பிக்கை சொல்லிவிட்டது.

அடுத்து, கேள்வியே தப்பு. 'ஸ்ட்ரெஸ்ஸை எப்படி சமாளிக்கிறீங்க?' என்று ஆரம்பிக்கிறார்கள். அந்த நிமிடமே குற்றவாளி நீங்கள் என்று தீர்ப்பாகிவிட்டது. சமாளிக்கத் தெரியாதது உங்கள் பலவீனம். மூச்சை இழுத்துவிடப் பழகிக்கொண்டால் சரியாகிவிடும். எதைச் சமாளிக்கச் சொல்கிறீர்கள், அதை வைத்தது யார் என்ற கேள்வி வட்டத்துக்குள் வருவதே இல்லை.

லண்டனில் அரசு ஊழியர்கள் 10,308 பேரை 1985-லிருந்து தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். ஒயிட்ஹால் ஆய்வின் இரண்டாம் கட்டம் இது. மைக்கேல் மார்மட் என்ற மருத்துவ நிபுணர் தலைமையில் ஆரம்பித்தது. அதிகப் பொறுப்பு சுமக்கும் பெரிய அதிகாரிக்குத்தான் இதய நோய் வரும் என்று நாம் நினைப்போம். அங்கே கண்டது தலைகீழ். கீழே போகப் போக ஆபத்து கூடியது. முக்கியமான காரணங்களில் ஒன்று, தன் வேலை மீது தனக்கே பிடி இல்லாமல் போவது. எதை முதலில் செய்வது, எப்படிச் செய்வது, எப்போது நிறுத்துவது என்பதில் சொல் உரிமையே இல்லாதவருக்கு நெஞ்சு வலி சீக்கிரம் வருகிறது. யோகா நல்லதுதான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் ராத்திரி பதினொன்றரை மணி போனை எந்த ஆசனமும் எட்டு மணிக்கு மாற்றாது.

ஹெச்.ஆர். நண்பர்கள் கோபப்படுவது தெரிகிறது. "நாங்க கேட்டாலும் தப்பு, கேக்காட்டியும் தப்பா சார்?" நியாயமான கேள்வி. அவர்களில் நிறையப் பேர் நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். அவர்களுக்கும் மேலே ஆள் இருக்கிறார், டார்கெட் இருக்கிறது. உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

ஆனால் அரைகுறையாகக் கேட்பது, கேட்காமல் இருப்பதைவிட மோசம். கேட்காத வரை, 'அவங்களுக்குத் தெரியல' என்று ஆறுதலாவது இருக்கும். கேட்டு, ரிப்போர்ட்டும் போட்டுவிட்டால், 'பாருங்க, எங்க ஊழியர்களுக்கு டிராஃபிக்தான் பிரச்னை' என்று கம்பெனிக்கு ஒரு சர்டிஃபிகேட் கிடைத்துவிடுகிறது. நாளைக்கு யாராவது மயங்கி விழுந்தால், அந்தக் காகிதம் கம்பெனியைக் காப்பாற்றும். விழுந்தவரைக் காப்பாற்றாது.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. ஃபிரான்ஸ் டெலிகாம் என்ற பெரிய கம்பெனி 2006-லிருந்து மூன்று வருடத்தில் 22,000 பேரைக் குறைக்கத் திட்டம் போட்டது. பலரைச் சட்டப்படி நீக்க முடியாது. அதனால் அவர்களாகவே வெளியேறும்படி நெருக்கினார்கள். மேலிருந்து கீழ்வரை அதுவே நிர்வாகமாக இருந்தது. தற்கொலைகள் நடந்தன. அதன் பிறகு, 2009-ல், வெளி நிறுவனம் ஒன்றை வைத்து ஊழியர்களிடம் படிவம் கொடுத்தார்கள். சுமார் 80,000 பேர் எழுதித் தந்தார்கள்! எண்பதாயிரம் பேர் மனதில் வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார்கள், சார். 2019-ல் நீதிமன்றம் 19 தற்கொலைகள் உள்பட 39 பேரின் துயரத்தை விசாரித்து, கம்பெனிக்கும் முன்னாள் தலைவருக்கும் தண்டனை கொடுத்தது. உள்ளே இருந்தவரை 'மாற்றத்துக்குப் பழகிக்கொள்ள வேண்டும்' என்று சொல்லப்பட்ட விஷயம், கோர்ட்டுக்கு வந்ததும் குற்றமானது.

சரி, எப்படித்தான் கேட்பது? புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டாம். பிரிட்டனில் தொழிலாளர் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பு 2004-லேயே ஒரு முறையை வகுத்துக் கொடுத்திருக்கிறது. அவர்கள் பார்ப்பது ஆறு விஷயங்கள்: வேலைச் சுமை, வேலை மீதான பிடி, கிடைக்கும் ஆதரவு, சக மனிதர்களின் உறவு, நம் வேலை எது என்ற தெளிவு, மாற்றங்களைச் சொல்லிச் செய்கிறார்களா என்பது. ஆறும் வேலையைப் பற்றியவை. உங்கள் மனோபலத்தைப் பற்றி ஒன்றுகூட இல்லை. முதலில் 35 கேள்விகள் கொண்ட படிவம். அதன் பிறகுதான் சின்னச் சின்னக் குழுக்கள். அதன் பிறகு, என்ன மாற்றப்போகிறோம் என்ற திட்டம்.

இந்த வரிசையில்தான் சூட்சுமம். படிவம் 'எவ்வளவு' என்று சொல்லும், 'எப்படி' என்று சொல்லாது. டார்கெட் அதிகம் என்று படிவத்தில் தெரியும். ஆனால் 25-ம் தேதி கொடுத்த டார்கெட்டை 28-ம் தேதி மாற்றுகிறார்கள், அதுதான் வயிற்றைக் கலக்குகிறது என்பது பேசினால்தான் தெரியும். அந்தப் பேச்சுக்குத்தான் ஃபோக்கஸ் குரூப். அதில் ஒரே படிநிலையில் இருப்பவர்கள் மட்டும் உட்கார வேண்டும். மேனேஜர்களுக்குத் தனிக் குழு போடுங்கள், அவர்களுக்கும் சொல்ல நிறைய இருக்கும். நடத்துகிறவர் வெளியாளாக இருக்கட்டும். பதிவு அவரோடு போகட்டும். கம்பெனிக்கு, யார் வாயிலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க முடியாத சாரம் மட்டும் போகட்டும்.

எல்லாவற்றுக்கும் ஆராய்ச்சி தேவையும் இல்லை. துணிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்யும் பெண்ணுக்கு என்ன ஸ்ட்ரெஸ் என்று கண்டுபிடிக்க ஃபோக்கஸ் குரூப் வேண்டுமா? ஒரு நாற்காலி போதும். அந்த நாற்காலிக்காகக் கோழிக்கோட்டுத் துணிக்கடைப் பெண்கள் வருடக்கணக்கில் போராடினார்கள். 2018-ல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021-ல் தமிழ்நாடும் கடை ஊழியர்கள் உட்கார வசதி செய்துதர வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது. 2023 ஏப்ரலில் இதே தமிழ்நாட்டில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா சட்டசபையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்து எழுந்தன. மே 1-ம் தேதி வாபஸ் என்று அறிவிப்பு வந்தது. இரண்டிலும் வேலை செய்தது ஒன்றுதான்: தனியாக அல்ல, சேர்ந்து சொன்னார்கள்.

ஆகவே, வாசகரே, மெயில் வந்தால் மூன்று கேள்விகளைப் பதிலாக அனுப்புங்கள். எங்கள் அதிகாரிகள் அந்த அறையில் இருப்பார்களா? நாங்கள் பேசுவதைக் கேட்டு எழுதப்போவது யார், அவருக்குச் சம்பளம் யார் தருகிறார்கள்? வரும் முடிவுகளில் எதையெல்லாம், எந்தத் தேதிக்குள் மாற்றுவீர்கள்? ஒருவர் கேட்டால் அதற்குத் திமிர் என்று பெயர் வைத்துவிடுவார்கள். அதனால் பத்துப் பேர் கையெழுத்துப் போட்டுக் கேளுங்கள்.

மூன்றுக்கும் எழுத்தில் பதில் வந்தால், போய் உட்கார்ந்து உள்ளதை உள்ளபடி பேசுங்கள். பதில் வரவில்லை என்றால், உங்கள் ஆபீஸ் பற்றிய ஆராய்ச்சி அப்போதே முடிந்துவிட்டது. முடிவும் உங்கள் கையிலேயே இருக்கிறது.